உமரிக் கணு

மழை மூன்று வருஷமாகக் கழிமுனைப் பக்கம் எட்டிப் பார்க்காமல் போய், வானம் வெளுத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி ஒரு கறையும் இல்லாமல் கிடந்த பங்குனி மாசத்தில் ஒரு நாள், உப்புப் பாத்தியில் வாருபலகை இழுத்துக்கொண்டிருந்த உலகம்மாள் நெற்றியைத் துடைக்க முந்தானையைக் கொண்டுபோனாள், துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. வேர்வை நின்றுபோயிருந்தது. மறுநாள் விடிந்து பார்த்தால் கைவிரல் பத்தும் கணுக் கணுவாகத் திரண்டு, தோலுக்குள்ளே தண்ணீர் நிற்பது வெளியே தெரிகிற பச்சை நிறத்தில், வரப்போரம் முளைத்துக் கிடக்கிற உமரிச் செடி எப்படியோ அப்படி ஆகியிருந்தன. உலகம்மாள் விரல்களை மடக்கிப் பார்த்தாள். மடங்கின. மடங்குகிற விரலை வைத்துக்கொண்டு வீட்டில் எதற்கு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று வாருபலகையைத் தூக்கிக்கொண்டு பாத்திக்குப் போய்விட்டாள்.

உமரி அந்தக் கரையில் யாரும் விதைக்காமல் வளர்கிற செடி. வேறு எந்த விதை விழுந்தாலும் வெந்துபோகிற உப்பு மண்ணில், கணுவுக்குக் கணு தண்ணீரை அடக்கிக்கொண்டு, மழை வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி என்று அது பாட்டுக்குக் கிடக்கும். ஆடு தின்னும், கழுதை தின்னும், அடுப்பில் ஏற்ற வேறு ஒன்றும் இல்லாத நாளில் மனுஷரும் நாலு தண்ணீர் விட்டு அலசிப் புளி கரைத்துக் கடைந்து தின்பார்கள். அந்த மூன்று வருஷமும் கழிமுனையில் எல்லா நாளும் அடுப்பில் ஏற்ற வேறு ஒன்றும் இல்லாத நாளாகத்தான் இருந்தது.

சித்திரை முடிவதற்குள் நாற்பத்திரண்டு வீடும் அப்படி ஆனது. முதலில் பாத்தியில் இறங்குகிறவர்கள், பிறகு அவர்கள் பிள்ளைகள். யாருக்கும் தாகம் எடுக்கவில்லை. எடுத்தாலும் பாத்தித் தண்ணீரை ஒரு கை அள்ளி விட்டுக்கொண்டால் போதுமாக இருந்தது. பகலெல்லாம் தோலை இறுக்கி மூடிக்கொண்டு, விளக்கு வைத்த பிறகுதான் மூச்சை ஆசுவாசமாக விட்டார்கள், அதனால் பகலில் பேச்சுக் குறைந்து போய், தெருவில் ஒருவரை ஒருவர் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்கள். வளையல்காரர் வந்து இவர்கள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கணுவுக்கு மேல வளையல் ஏத்தணும்னா நான் மாட்டுக்குத்தான் செய்யணும் தாயி" என்று சிரித்து, அடுத்த தடவை நிஜமாகவே பெரிய அளவில் கொண்டுவந்தார். ஆடுகள் பெண்களின் பின்னாலேயே போய் விரலைக் கடிக்கப் பார்த்தன, ஆட்டை விரட்ட ஒரு கம்பு எல்லார் கையிலும் இருந்தது. தலையாரி குடும்ப அட்டை சரிபார்க்க வந்த அன்று வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"உங்களை ஆளுன்னு எழுதவா, பயிருன்னு எழுதவா?" என்றார்.

"பயிருன்னு எழுதுனா வறட்சி நிவாரணம் வருமாய்யா?" என்று கேட்டாள் ஞானக்கிளி.

தலையாரி ஆள் என்றே எழுதிக்கொண்டு போனார். ஞானக்கிளி அடுத்த வீட்டுக்காரி. கழிமுனையில் யாருக்கும் பேச வராத நேரத்திலும் அவளுக்குப் பேச வரும்.

பேச வராதவள் உலகம்மாளின் மருமகள் சந்தனமாரி. இருபத்தொரு வயசு, அஞ்சாவது வரைக்கும் படித்தவள், வயிற்றில் அப்போது நாலு மாசம். கடைக்குப் போனால் மற்றவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் தனக்கு வேண்டியதைக் கேட்பாள், அதற்குள் அது தீர்ந்து போயிருக்கும். அவளுக்கு எல்லாருக்கும் கடைசியாக வைகாசியில்தான் ஆனது. குளித்துவிட்டு முகத்துக்கு மஞ்சள் உரசிப் பூசினால் மஞ்சள் ஒட்டாமல் மெழுகில் பட்ட தண்ணீராக வழிந்து இறங்கியது. இரண்டு தடவை பூசிப் பார்த்தாள். அப்புறம் மஞ்சள் கிழங்கை மாடக்குழியில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கஞ்சி காய்ச்சப் போனாள்.

ஒன்றே ஒன்றுதான் ஊருக்குச் சங்கடமாக இருந்தது. ஞானக்கிளியின் மாமனார் ஆனி மாசத்தில் இறந்துபோனபோது, பெண்கள் எல்லாம் சுற்றி உட்கார்ந்து, தலையை விரித்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு பார்த்தார்கள், ஒரு கண்ணிலும் ஒரு சொட்டு இறங்கவில்லை. தண்ணீரை வெளியே விடத் தெரியாத உடம்பாகிப் போயிருந்தது. அழாமல் ஒரு மனுஷனை எப்படித் தூக்குவது. கடைசியில் எட்டு மைல் தள்ளி இருக்கிற பனையடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் இரண்டு பெண்களைக் கூட்டிவந்து அழ வைத்து, சாப்பாடு போட்டு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு சாவு என்றால் பந்தல்காரனுக்குச் சொல்வது போல ஆட்டோவுக்கும் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது.

செவ்வாயும் வெள்ளியும் கழிமுனைக்குத் தண்ணி லாரி வரும். அதற்கு முன்னால் அந்த லாரிக்குத் தவம் கிடந்த ஊர் அது. குடத்தை வரிசையில் போட்டுவிட்டு வெயிலில் மணிக்கணக்கில் நின்று, லாரியோடு வருகிறவன் குழாயைத் திறக்கும்போது சொல்கிற பேச்சை எல்லாம் கேட்டுக்கொண்டு, கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பிடித்துப் போன தண்ணீர் அது. ஆடி மாசத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் லாரி வந்து நின்றபோது ஒரு குடம்கூட வரிசையில் இல்லை. குடங்கள் எல்லாம் வீட்டுக்கூரை ஓரம் கவிழ்ந்து கிடந்தன. லாரிக்காரன் ஒலிப்பானை அடித்தான்.

"ஏ, தண்ணி வேணுமா வேண்டாமா? எனக்கு வேற ஊர் இல்லையா?"

பெண்கள் வந்தார்கள், வெறுங்கையோடு.

"வேண்டாம்" என்றாள் ஞானக்கிளி. "கொண்டுபோயி உன் லாரியைக் குளிப்பாட்டு."

எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அந்தப் பெண்கள் சத்தமாகச் சிரித்தார்கள். லாரிக்காரன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். அடுத்த வாரம் லாரி அனுப்புகிற ஆபீசிலிருந்து ஒரு தாள் வந்தது, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று. அந்தச் சிரிப்பு இன்னும் தீராமல் இருந்த ஊர், கோயில் முன்னால் பாய் விரித்து உட்கார்ந்து, 'எங்கள் ஊருக்குத் தண்ணீர் தேவையில்லை' என்று எழுதி, வீட்டுக்கு ஒருவராகக் கைநாட்டு வைத்தது. உலகம்மாள் வீட்டுக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்தவள் சந்தனமாரி. எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, கூச்சத்தில் காது சூடாகி, ஏழு மாச வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து, தன் பெயரை முழுசாக, ஒரு எழுத்தும் சரியாமல் எழுதினாள். அழகா இருக்கு என்று ஞானக்கிளி சொன்னாள். வயிற்றுக்குள் இருப்பது என்ன குடிக்கும் என்று அன்றைக்கு அந்தப் பாயில் உட்கார்ந்திருந்த ஒருத்தருக்கும் தோன்றவில்லை, சந்தனமாரிக்கும் தோன்றவில்லை.

புரட்டாசியில் பிள்ளை பிறந்தது. பெண். தங்கபுஷ்பம் என்று பெயர் வைத்தார்கள். விரல்கள் கணுவில்லாமல், நகம் ஒட்டிய பூ மாதிரி மெலிசாக இருந்தன. தோல் சிவப்பாக, தொட்டால் சூடாக இருந்தது. வாயைத் திறந்து அழுதது, கண்ணின் ஓரம் தண்ணீர் கோத்து இரண்டு பக்கமும் வழிந்தது. ஊரே வந்து பார்த்தது. பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து அந்தக் கண்ணீரைப் பார்த்தார்கள், பழைய நகையை இன்னொருத்தி போட்டிருப்பதைப் பார்க்கிற மாதிரி.

"இன்னும் தண்ணி குடிக்கிற பிள்ளையா?" என்றாள் ஒருத்தி.

"மாசி பிறந்தா உப்புத் தொட வச்சிருவோம். எல்லாம் சரியாயிரும்" என்றாள் இன்னொருத்தி.

உப்புத் தொடுதல் கழிமுனையில் பழைய வழக்கம். மாசியில் புது உப்பு வாரி முதல் அம்பாரம் குவித்த அன்றைக்கு, அந்த வருஷம் பிறந்த பிள்ளைகளை அம்பாரத்தின் மேல் உட்கார வைத்து, ஒரு கல் உப்பை நாக்கில் தொட்டு, 'எங்க காலைத் தின்ன மாதிரி இது காலைத் தின்னாதே' என்று உப்பிடம் சொல்லிவிட்டு இறக்கிவிடுவார்கள். அதுவரை பிள்ளைக்கு உப்புக் காட்டுவது கிடையாது. முன்னெல்லாம் அது ஒரு சடங்கு, அவ்வளவுதான். இப்போது அது என்ன செய்யும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அந்தக் காலத்தில் ஊரில் ஹில்டா என்று ஒரு பெண் வந்து தங்கியிருந்தாள். காலேஜில் உமரியைப் பற்றிப் படிக்கிறவள், செடியைப் பிடுங்கிக் கண்ணாடிக் குழாயில் போட்டு எடுத்துப்போக வந்தவள், ஆட்களையும் பார்த்துவிட்டு அங்கேயே இருந்துவிட்டாள். செடி டீச்சர் என்று கூப்பிட்டார்கள். அவள் உலகம்மாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து சந்தனமாரிக்குச் சொன்னாள்.

"எந்த உயிருக்கும் உடம்புக்குள்ள எழுத்து எழுத்தா எழுதியிருக்கும்க்கா. அதுல பாதி எழுத்து தூங்கிட்டே இருக்கும். உப்பு ஏறினா, தண்ணி வத்தினா, சிலது முழிச்சுக்கும். முழிச்ச எழுத்துதான் இலையைத் தடிக்க வைக்குது, தோலை மூட வைக்குது. உமரிக்கு அது எப்பவோ முழிச்சிடுச்சு. உங்களுக்கு இப்ப."

"பாப்பாவுக்கு?" என்றாள் சந்தனமாரி. அவள் அந்தப் பெண்ணிடம் கேட்ட முதல் வார்த்தை அது.

"பாப்பாவுக்குள்ளேயும் இருக்கும். உங்க வயித்துத் தண்ணியில உப்பு அண்டாம இருந்திருக்கு, அதான் தூங்குது."

சந்தனமாரிக்குப் பால் இரண்டு மாசம் நன்றாக இருந்தது. பிறகு பிள்ளை வாயை வைத்ததும் முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டது. அவள் ஒரு சொட்டைத் தன் நாக்கில் விட்டுப் பார்த்தாள், பாத்தித் தண்ணீர் மாதிரி கரித்தது. கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த சிமெண்டுத் தொட்டியில் லாரி கடைசியாக ஊற்றிப்போன தண்ணீர் யாருக்கும் வேண்டாமல் பாசி பிடித்துக் கிடந்தது. அதைத் துணியில் வடித்துக் காய்ச்சி, அதில் கேப்பைக்கூழ் கிண்டி, ஆட்டுப்பாலில் கலந்து, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துப் பிள்ளைக்கு ஊட்டினாள். பிள்ளைக்கு ஊட்டுவதை ஏன் மறைக்க வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை. ஊரில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்வது அவளுக்கு எப்போதும் வெட்கமாக இருந்தது.

கார்த்திகையில் உலகம்மாளின் கால்விரல்கள் சிவந்தன. முதலில் சுண்டுவிரல், பிறகு அடுத்தது, மருதாணி வைத்த மாதிரி. அதே நாட்களில் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவருக்குச் சிவந்தது. ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான், இரண்டு பேருக்கு இல்லை. மற்றவர்கள் முன்னைவிடப் பச்சையாக, செழிப்பாக இருந்தார்கள். ஹில்டா ஒரு உமரிச் செடியை வேரோடு கொண்டுவந்து காட்டினாள். நுனியெல்லாம் பச்சை, அடிக்கணு மட்டும் செக்கச் சிவப்பு.

"உள்ள வர்ற உப்பை இதால வெளிய தள்ள முடியாது. அதனால எல்லா உப்பையும் அடிக்கணுவுல கொண்டு அடைச்சிடும். அது சிவந்து, காஞ்சு, உதிர்ந்திடும். மீதிச் செடி பிழைச்சுக்கும். அது உதிர்ந்ததும் அதுக்கு மேல இருக்கிற கணு."

சொல்லிவிட்டு ஹில்டா உலகம்மாளின் காலைப் பார்த்தாள்.

"மனுஷங்க அப்படி இல்லையே டீச்சர், முன்னால" என்றாள் சந்தனமாரி மெதுவாக.

"இல்லைக்கா. மனுஷங்க வெளிய விடுற வகை. வேர்வையில விடுவாங்க. அழுதா கண்ணீர்ல விடுவாங்க."

சந்தனமாரி அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். பாத்திரம் தேய்க்கும்போது நினைத்தாள், சாம்பலை அள்ளும்போது நினைத்தாள். எந்த வீட்டில் யார் சிவந்தது என்று தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மனசுக்குள் நடந்து பார்த்தாள். ஞானக்கிளி வீட்டில் அவள் மாமியார். மூலை வீட்டில் விதவையாக வந்து அண்ணன் வீட்டில் இருக்கிற பேச்சித்தாய். தண்ணித்தொட்டி வீட்டில் மூத்த மருமகள். யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை, யாரும் யாரையும் ஒதுக்கவில்லை. எல்லாரும் தின்று முடித்த பிறகு சட்டியை வழித்துத் தின்கிறவள் யாரோ, அவளுக்குச் சிவந்திருந்தது.

உலகம்மாளுக்குச் சிவப்பு முழங்கால் ஏறி, இடுப்பு ஏறி, தை மாசத்தில் கழுத்துக்கு வந்தது. உடம்பு லேசாகிக்கொண்டே போனது. அவளைப் பாயோடு தூக்கி வெயிலில் வைப்பதும் நிழலில் வைப்பதும் சந்தனமாரிக்கு ஒரு முறத்தை எடுத்து வைக்கிற மாதிரி இருந்தது.

"வலிக்கா அத்தை?"

"வலிக்கல ட்டி. உங்க எல்லாரு உப்பும் எங்கிட்ட வந்து உக்காந்திருக்கு, அம்புட்டுத்தான்." மருமகள் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "எனக்குப் பொறகு இந்த வீட்டுல கடைசியா திங்கிறவ நீதான். நீ முதல்ல தின்னு பழகு."

மறுநாள் சந்தனமாரி எல்லாருக்கும் முன்னால் தட்டைப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு கவளம் வைத்தாள். புருஷன் கொம்பையா பாத்தியிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டு நின்றான். நின்றான், அவ்வளவுதான். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்து தட்டை மூடி வைத்துவிட்டு அவனுக்குப் பரிமாறினாள்.

உலகம்மாள் தை கடைசியில் ஒரு காலை நேரத்தில் உதிர்ந்தாள். பனையடியிலிருந்து ஆட்டோவில் வந்தவர்கள் அழுதார்கள். அழுகிற சத்தத்தைக் கேட்டுப் பிள்ளையும் அழுதது. பிள்ளைக்குத்தான் நிஜமான அழுகை என்று சந்தனமாரிக்குத் தோன்றியது. பதினாறு முடிந்த மறுநாள் அவள் காலைக் கழுவிக்கொண்டிருக்கும்போது சுண்டுவிரலில் சிவப்பைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குத் தன்னைப் பற்றி நினைப்பு வரவில்லை. தனக்குப் பிறகு இந்த வீட்டில் கடைசியாகத் தின்னப் போகிறவள் யார் என்று நினைப்பு வந்தது. பாயில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்த அந்தச் சின்ன, கணுவில்லாத பாதத்தைப் பார்த்தாள்.

"பாப்பாவுக்கு உப்புத் தொட வேண்டாம்" என்று கொம்பையாவிடம் சொன்னாள்.

கொம்பையா கோபக்காரன் இல்லை. அவன் யோசித்துத்தான் பேசினான். "ஏட்டி, தாகம்னா என்னன்னு தெரியாம ஒரு பிள்ள வளரப் போவுது. நாம பட்டது அதுக்கு இல்ல. இது கெட்டதா?"

அவளுக்குப் பதில் இருந்தது. வாய் வரைக்கும் வந்தது. அழத் தெரிந்தவள் வீட்டில் யாரும் சிவக்க வேண்டியதில்லை என்று சொல்ல வேண்டும். சொல்ல வார்த்தை கோக்கத் தெரியாமல், "வேண்டாம்" என்று மறுபடியும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாசி பாதியில் கோயில் தொட்டி வற்றியிருந்தது. அடியில் பாசி வெடித்துப் பொருக்காக நின்றது. சந்தனமாரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். எல்லாரும் பேசி முடிக்கிற வரைக்கும் சுவரோரம் நின்று, கடைசியில் மேசைக்குப் பக்கத்தில் போனாள். உள்ளே இருந்தவர் நல்ல மனுஷர்தான், உட்காரச் சொன்னார். ஒரு கட்டைப் பிரித்து, அந்தத் தாளை எடுத்து அவள் பக்கம் திருப்பினார்.

"ஊர் முழுக்க வேண்டாம்னு எழுதியிருக்கேம்மா. இது யார் கையெழுத்து?"

"என்னுது."

"நல்லாத்தான் எழுதியிருக்கே. ஊரே மறுபடி சேர்ந்து வேணும்னு எழுதிக் குடுத்தா நான் மேல அனுப்பலாம். ஒரு பிள்ளைக்காக லாரி விடுன்னா யார் விடுவா?"

ஊர் எப்படி எழுதிக் கொடுக்கும். தாகமில்லாத ஊர் அது. அவள் இரண்டு மூன்று வாசலில் போய் நின்றாள், கேட்க வாய் வரவில்லை, உப்புக் கடன் கேட்க வந்த மாதிரி நின்றுவிட்டுத் திரும்பினாள்.

உப்புத் தொடுகிற நாளும் வந்தது. அன்றைக்கு இரண்டாவது நாளாகப் பிள்ளைக்குக் கொடுக்க ஒரு மிடறு தண்ணீர் இல்லை, ஆடும் மடி வற்றியிருந்தது. விடிந்ததும் சந்தனமாரி பிள்ளையை ஞானக்கிளி மடியில் விட்டாள்.

"மதினி, பாத்துக்கோங்க. பனையடிக்குப் போயித் தண்ணி கொண்டாரேன். உச்சிக்கு முன்னால வந்திருவேன்."

"எட்டு மைலா? இந்தக் காலோடயா?" என்றாள் ஞானக்கிளி. சந்தனமாரியின் ஐந்து விரல் அப்போது சிவந்திருந்தது.

பனையடியில் கிணற்றடிப் பெண்கள் அவளைப் பார்த்ததும் வாளியை எடுத்துக்கொண்டார்கள். "தண்ணி வேண்டாம்னு ஏறுக்கு மாறா எழுதிக் குடுத்தவங்கதானே. எங்க லாரியையும் உங்களாலதான் கொறச்சுட்டான்" என்றார்கள். அவள் வெகுநேரம் நின்றாள். வெயில் ஏறிக்கொண்டே போனது. கடைசியில், பிறந்ததிலிருந்து சத்தமாகப் பேசாதவள், குடத்தைக் கீழே வைத்துவிட்டு, கிணற்றடி முழுக்கக் கேட்கிற மாதிரி, "எம் பிள்ள இன்னும் அழுவுது" என்று சொன்னாள். அதில் என்ன இருந்ததோ, பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்குகிற ஆயா ஒருத்தி வந்து, ஒன்றும் கேட்காமல், அவளைக் கூட்டிப்போய்ப் பள்ளிக்கூடத்துக் குழாயில் குடம் நிறையப் பிடித்துக் கொடுத்து, தினமும் வா என்றாள்.

அந்தக் குடம் அவள் இடுப்பில் இருந்தது. ஒரு சொட்டும் சிந்தாமல், தன் கால்விரல் ஒன்று வழியில் எங்கோ கழன்று விழுந்ததைக்கூடத் திரும்பிப் பார்க்காமல், எட்டு மைலையும் ஓட்டமும் நடையுமாக வந்தாள். உச்சி தாண்டியிருந்தது. தூரத்திலிருந்தே முதல் அம்பாரம் வெள்ளையாகத் தெரிந்தது. அதன் உச்சியில் தங்கபுஷ்பம் உட்கார்ந்திருந்தது, சிரித்துக்கொண்டு. ஞானக்கிளி பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நாக்கு ஒட்டிப்போச்சு ட்டி அதுக்கு" என்றாள் ஞானக்கிளி. அவள் குரல் கெஞ்சியது. "கண்ணு உள்ள போயிட்டு. உன்ன எவ்வளவு நேரம் பாக்குறது? எம் மடியிலேயே போயிருமோன்னு பயந்துதான் ஒரு கல்லு வச்சேன்."

சந்தனமாரி பிள்ளையின் கையை எடுத்துப் பார்த்தாள். பூ மாதிரி இருந்த விரல்கள் கணுக் கணுவாகத் திரளத் தொடங்கியிருந்தன. குடத்திலிருந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள், பிள்ளை துப்பிவிட்டு விளையாடியது. ஞானக்கிளியிடம் கோபிக்க அவளுக்குக் காரணம் கிடைக்கவில்லை. அவள் நேரத்துக்கு வந்திருக்க வேண்டும், கிணற்றடியில் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கக் கூடாது.

ஹில்டா ஊரை விட்டுப் போகிறதுக்கு முந்தின நாள் சந்தனமாரி கேட்டாள், முழித்த எழுத்து திரும்பத் தூங்குமா என்று.

"சில செடியில இளசா இருக்கும்போது, நல்ல தண்ணி விடாம ஊத்தினா, தூங்கிடும்க்கா. முத்தினதுல தூங்காது. மனுஷருக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது. பொய் சொல்ல மாட்டேன்."

அந்தத் தெரியாது போதுமாக இருந்தது அவளுக்கு. மறுநாளிலிருந்து தினமும் விடிந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு பனையடிக்கு நடந்தாள், வந்து அந்தக் குடத்தில் பாதியைப் பிள்ளையின் தலையிலிருந்து கால் வரைக்கும் ஊற்றிக் கழுவினாள், மீதியைச் சங்கில் விட்டுப் புகட்டினாள், பிள்ளை துப்பியதைத் துடைத்துவிட்டு மறுபடி புகட்டினாள். நல்ல தண்ணீர் இப்படி மண்ணில் ஓடுவதை ஊர் வாசலில் நின்று பார்த்தது. பைத்தியம் என்று யாரும் சொல்லவில்லை. பாவம் என்று சொன்னார்கள். கொம்பையா ஒரு நாள் குடத்தைத் தான் தூக்கி வருகிறேன் என்றான், ஆனால் பாத்தியில் உப்பு விளைந்து நின்றது, மறுநாள் அவன் சொன்னதை இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள்.

பங்குனியில் வலது கால் விரல்கள் போயின. வைகாசியில் இடது கால். பத்தும் போன பிறகு குதிகாலில் நடந்தாள், ஒரு நாள் ஒரு மைலுக்கு ஒரு தடவை உட்கார்ந்தாள், பிறகு அரை மைலுக்கு ஒரு தடவை. அவள் விரல்கள் விழுந்த இடத்தில் எல்லாம் உமரி முளைத்தது. கழிமுனையிலிருந்து பனையடி வரைக்கும், உப்பே இல்லாத செம்மண்ணிலும்கூட, வழி தப்பிப் போகிறவர்கள் பார்த்து நடக்கலாம் என்கிற மாதிரி ஒரு பச்சை வரிசை நின்றது. பிள்ளை அழவில்லை. விரல்கள் இன்னும் தடிக்கவும் இல்லை, மெலியவும் இல்லை. கொண்டுவந்த குடத்தை இறக்கி வைக்கும்போது பிள்ளை தவழ்ந்து வந்து அதைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியது. குடத்துக்குள் கையை விட்டுத் தண்ணீரை அலம்பி, அந்தச் சத்தத்தைக் கேட்கும்.

ஆவணி மாசத்தில் ஒரு காலை, சந்தனமாரி குடத்தை எடுக்கக் கையை நீட்டினாள், உடம்பு எழவில்லை. சிவப்பு கழுத்துக்கு வந்திருந்தது. எந்த வலியும் இல்லை. காற்று அடித்தால் பாயிலிருந்து புரண்டுவிடுவோமோ என்கிற மாதிரி லேசாக இருந்தது. கண் திறக்க முடியவில்லை, காது மட்டும் கேட்டது. வெயில் வாசலிலிருந்து உள்ளே நகர்ந்து வந்தது. ஆட்கள் வந்தார்கள். கொம்பையா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான், இரண்டு தடவை. ஞானக்கிளி அவள் மூக்குக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தாள். பகலில் தோலை மூடிக்கொள்கிற ஊரில் மூச்சு இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்.

"முடிஞ்சிருச்சு போல. ஆட்டோவுக்குச் சொல்லியாச்சா?" என்று ஒரு ஆம்பிளைக் குரல் கேட்டது.

"பொறு" என்றாள் ஞானக்கிளி.

ஏதோ தரையில் உரசுகிற சத்தம். பிள்ளை தவழ்ந்து வருகிறது. வாசல்படி ஓரம் குடம் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும், கையை உள்ளே விடும். சந்தனமாரிக்குப் பார்க்காமலே தெரிந்தது. குடத்துக்குள் பிள்ளையின் கை சுற்றிச் சுற்றித் தேடுவது, காய்ந்த பித்தளையில் நகம் கீறுவது எல்லாம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அதற்குப் பிறகு, அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து, உடைந்து உடைந்து, பிறந்த அன்றைக்கு அழுத அதே அழுகையை அது அழுதது.

யாரும் பிள்ளையைத் தூக்கவில்லை. சுற்றி நின்று பார்த்தார்கள். ஞானக்கிளி மட்டும் குனிந்தாள், அவள் வளையல் சத்தம் கேட்டது. பிள்ளையின் கன்னத்தில் விரலை வைத்து எடுத்து நாக்கில் வைத்திருக்க வேண்டும்.

"உப்பு" என்றாள் ஞானக்கிளி. "வெளிய வருது."

அதற்கு மேல் அவள் பேசாமல் இருந்ததை அந்த ஊர் அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டது. தரையிலிருந்து குடம் எழுகிற சத்தம், அது ஒரு இடுப்பில் உட்காருகிற சத்தம், வாசலைத் தாண்டிப் பனையடி வழியில் போகிற காலடிச் சத்தம். கொஞ்சம் பொறுத்து, அடுத்த வீட்டுக் கூரை ஓரத்தில் கவிழ்ந்து கிடந்த ஒரு குடத்தை யாரோ புரட்டி, உள்ளே இருந்த மண்ணைத் தட்டிக் கொட்டினார்கள்.

ஆட்டோவுக்கு யாரும் சொல்லவில்லை. பிள்ளை அழுதுகொண்டே இருந்தது. யாராவது அதன் வாயைப் பொத்திச் சமாதானம் செய்துவிடக் கூடாதே என்று சந்தனமாரி நினைத்துக்கொண்டு கிடந்தாள்.